சுடாமல் இருப்பது அவன் வேலை

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. யாராவது விரலை நீட்டி "அதோ அவன்தான்" என்று சொன்னாலே அவனுக்கு உடம்பு கூசும். பெயரைப் போட்டு அச்சில் ஏற்றினால் இராஜாக்கமங்கலத்தில் என் வீடு வரை நடந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திட்டினால்கூடத் தாங்கலாம், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. பூதப்பாண்டிக்காரன், கொஞ்சம் வயல் உள்ளவன், பர்மாச் சண்டையில் என்னோடு ஒரே செக்‌ஷனில் இருந்தவன். இது போதும்.

என்னைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நான் கடப்புறத்துக்காரன். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. பட்டாளத்தில் என் தோளில் பிரென் துப்பாக்கியைத் தூக்கி வைத்தார்கள். வாய் ஓயாதவனுக்கு வாய் ஓயாத துப்பாக்கி, பொருத்தம் பார்த்துக் கொடுத்த மாதிரி. செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். நான் படபடவென்று சுட்டால் எதிரே இருக்கிறவன் தலையைக் குனிய வேண்டும். அவன் குனிந்திருக்கிற நேரத்தில் மற்றவர்கள் நாலு அடி முன்னேற வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம். யாரையும் குறி பார்த்து வீழ்த்தியதாக நான் மீசையை முறுக்க முடியாது. இலையும் கிளையும் ஏராளமாக விழுந்தன.

அவன் கையில் இருந்தது குழலுக்கு மேலே தூரக்கண்ணாடி வைத்த துப்பாக்கி. எங்கள் பத்துப் பேரில் அது அவன் ஒருவனுக்குத்தான். அதைப் பார்த்து முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதற்கு உண்டான வேலையைப் பார்த்த பிறகு பொறாமை போய்விட்டது. ஏனென்றால் எல்லோரும் சுடும்போது அவன் சுடக் கூடாது. செக்‌ஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, நிழலாக ஓர் இடம் பார்த்துப் படுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எறும்பு கடித்தாலும் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் எந்த ஒருவன் விழுந்தால் மற்றவர்களுக்குக் கை கால் ஓடாதோ அந்த ஒருவனைக் கண்டுபிடிக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. என்னை அந்த இடத்தில் படுக்க வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் பைத்தியம் பிடித்திருக்கும்.

"ஏலே, காட்டுக்குள்ள எவன் தோள்ல பட்டை குத்திக்கிட்டு வாறான்? ஆபீசரும் சிப்பாயும் ஒண்ணுபோலத்தானே சேத்துல கெடக்கான். நீ எப்பிடிலே கண்டுபிடிக்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சத்தம் போடுகவனைப் பாக்காத மக்கா," என்றான். "சத்தம் போடுகதுக்கு முன்ன அவன் யாரைத் திரும்பிப் பாக்கான்னு பாரு. பட்டையைக் கழட்டி வச்சிரலாம். மத்தவன் கண்ணைக் கழட்டி வைக்க முடியாதுலா?"

இதைவிட நீளமாக அவன் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் ஒரு மேட்டுக்குக் கீழே மாட்டிக்கொண்டோம். மேலேயிருந்து இயந்திரத் துப்பாக்கி பொழிகிறது. தலையைத் தூக்க முடியவில்லை. நான் சுட்டுச் சுட்டு என் குழல் தோசைக்கல்லாகக் காய்கிறது. எங்கள் பத்துப் பேருக்கும் தலைவரான நாயக் சேற்றில் குப்புறக் கிடந்தபடி, "சுடுலே, சுடு, ஒனக்கு என்னலே கேடு?" என்று அவனைப் பார்த்துக் கத்துகிறார். அவன் காது கேளாதவன் மாதிரி கிடக்கிறான். நாயக் அவனுடைய அப்பாவையும் தாத்தாவையும் வரிசையாக இழுத்து முடித்து, இனி யாரை இழுப்பது என்று யோசிக்கிற நேரத்தில் ஒரே ஒரு வெடி. மேலே பொழிந்துகொண்டிருந்த துப்பாக்கி இன்னும் கொஞ்ச நேரம் எங்கெங்கோ சுட்டது, பிறகு நின்றுவிட்டது. இவன் வீழ்த்தியது அதைப் பிடித்துச் சுட்டவனை அல்ல, அவன் தோளுக்குப் பின்னால் படுத்து எங்கே சுட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவனை.

அன்று சாயங்காலம் நான் அவன் முதுகில் ஓங்கித் தட்டி, "கொள்ளாம் மக்கா, எல்லாருக்க உசிரையும் காப்பாத்திட்ட!" என்றேன். அவன் கையில் இருந்த சாயா ஆறிப் போயிருந்தது.

"நீ எலையைத்தான் சுட்ட. எனக்குக் கண்ணாடி உண்டு," என்றான். "நான் சுடுகப்ப அவன், பக்கத்துல கெடந்தவனுக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு இருந்தான் மக்கா."

அன்றிலிருந்து அவன் என்னுடைய ஆள் ஆகிவிட்டான். அவனுக்கு அதில் சம்மதமா என்று நான் கேட்கவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் பட்டாளத்திலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் கல்யாணம் முடித்து, கைப்பிள்ளைக்காரனாகி, வடசேரிச் சந்தையில் கருவாடு விற்கத் தொடங்கினேன். அவன் பூதப்பாண்டியில் வயலைப் பார்த்துக்கொண்டான். சந்தை நாளில் வண்டி பூட்டி வருவான். இருவரும் சாயாக்கடைக்குப் போவோம். ஊரெல்லாம் வாசல் பெஞ்சில் காற்றாட உட்கார்ந்திருக்க, இவன் உள்ளே விறகு அடுக்கிய மூலைக்குப் போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து உட்காருவான். கடைக்காரர், "ஓய், பெஞ்சு என்ன உம்மைக் கடிக்குமா?" என்று கேட்பார். இவன் சிரிப்பான். அந்த மூலையிலிருந்து பார்த்தால் தெருவின் இரண்டு முனையும் தெரியும், தெருவில் நிற்கிறவனுக்கு இவன் தெரியமாட்டான்.

அதைவிடப் பெரிய கூத்து அவன் வேட்டி. வெள்ளை வேட்டி ஒரு மைல் தூரத்துக்குத் தெரியும் என்று, சாயாக்கடையில் வடித்துப் போட்ட தேயிலைச் சண்டியை வாங்கிக்கொண்டு போய்க் கொதிக்க வைத்து, புது வேட்டியை அதில் முக்கி எடுத்துக் கட்டிக்கொள்வான். மண் நிறத்தில் வரப்பில் நின்றால் வரப்பு எது, ஆள் எது என்று தெரியாது. காக்காய் அவன் தோளில் வந்து உட்கார்ந்ததாகக்கூடப் பூதப்பாண்டியில் ஒரு கதை உண்டு. அவன் சாமியாராகப் போகிறான் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. அவனுடைய அம்மை என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைக் கசக்குவாள்.

"ஏ மக்கா, நீயாவது சொல்லப்பிடாதா? பட்டாளத்துக்குப் போன எல்லாவனும் பொட்டியும் சட்டியுமா வந்தான். எம் பிள்ளை மட்டும் ஒளிஞ்சிருக்கப் படிச்சிட்டு வந்திருக்கான்."

அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு இடத்தில் பெண் பார்த்தாள். முதல் வீட்டில் இவன் பெண்ணைப் பார்த்தான், பார்த்தான், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தப் பிள்ளை அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டது. இரண்டாவது வீட்டில் பெண்ணைப் பார்க்காமல், "பின்வாசல் எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை களவாணியோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகப்பட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது இடத்தை அவனே சொன்னான். நான் சாயாவைக் கொட்டிவிட்டேன். சுசீந்திரம் தேரோட்டத்தில் பார்த்தானாம்.

"எல்லாரும் தேரைப் பாத்துக்கிட்டு நின்னாவ. சாமியைப் பாத்தாவ, வடம் பிடிக்கவனைப் பாத்தாவ. அவ மட்டும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகவனைப் பாத்துக்கிட்டு நின்னா," என்றான். "தேரு திரும்புகதும் நிக்கதும் அவன் கையிலதானே இருக்கு. அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு மக்கா."

"பிள்ளை பாக்க எப்பிடி?"

"வேணும்," என்றான்.

அந்த ஆள் வாயிலிருந்து "வேணும்" என்று ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. பர்மாவில் இரண்டாம் தடவை சோறுகூட வேணும் என்று சொன்னதில்லை. இது தட்டிப் போனால் இனி யாரும் தன்னிடம் கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டான். சொன்னால் சொன்னதுதான். அவனுடைய அம்மை அன்றே நாகராஜா கோயிலுக்குப் பால் நேர்ந்துகொண்டாள். வேதக்காரனான நான் எங்கள் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன்.

பெண்ணுக்கு அப்பா இல்லை, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள். அவர்கள் வழக்கத்தில் அப்பா இருந்தாலும் தாய்மாமன் சொல்தான் சொல். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் பெரிய முற்றமும் பலாமரமுமாக வீடு. இவன் தானே வண்டியோட்டினான். நானும் இவனுடைய மாமாவும் பின்னால் இருந்தோம். அம்மை கொடுத்த வெள்ளை வேட்டி வண்டிப் பெட்டிக்குள் மடித்தபடி இருந்தது. "வெள்ளையை உடுத்துக்கிட்டு மாடு பத்த முடியுமா? அங்க போய் மாத்திக்கிடுகேன்," என்றான். நியாயம்தான் என்று நானும் விட்டுவிட்டேன். சுசீந்திரம் கோயில் வாசலில் மாமா இறங்கிக்கொண்டார். "ராகுகாலம் வருகதுக்குள்ள நீங்க படியேறிருங்க. நான் ஒரு கும்பிடு போட்டுட்டு வாறேன்."

வீட்டு வாசலில் வண்டி நின்றது. "நீ போய்ப் பேசிக்கிட்டிரு. நான் மாட்டை அவுத்துக் கெட்டிட்டு வாறேன்," என்றான். பழக்கம் எங்களை அறியாமலே வேலை செய்துவிட்டது. செக்‌ஷன் முன்னால் போகும், அவன் தள்ளி நின்று பார்ப்பான். நான் பட்டுக்கரை வேட்டியும் முறுக்கிய மீசையுமாகப் படியேறினேன். அவன் மண் நிற வேட்டியோடு பலாமர நிழலில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். ஒருவன் பெண் பார்க்கப் போகிற லட்சணமா இது? எனக்கும் அப்போது தோன்றவில்லை.

உள்ளே ராஜ உபசாரம். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஏத்தன்காய் வற்றலும் முறுக்கும் வந்தன. பெண்ணின் மாமன் பர்மாவைப் பற்றிக் கேட்டார். பர்மாவைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்கவும் வேண்டுமா? மேட்டுச் சண்டையை ஆரம்பித்தேன். பெண்ணின் அத்தைக்காரி கதவுக்குப் பின்னால் நின்று, "மாப்பிள்ளை நல்லா கலகலன்னு பேசுகாரு," என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவனைப் பற்றி அப்படி ஒரு நல்ல பேர் எப்படி வந்தது என்று கொஞ்சம் வியந்தேன், பிறகு கதையைத் தொடர்ந்தேன்.

அதே நேரம் வெளியே நடந்ததை, திரும்பும்போது வண்டியில் வைத்து அவன் சொன்னான். பெண், தலையில் பூ வைத்தபடியே பின்வாசல் வழியாக ஒரு சொம்பு மோரோடு பலாமரத்தடிக்கு வந்திருக்கிறாள். வண்டிக்காரனுக்கு மோர் கொடுப்பது ஒரு சாக்கு. மாப்பிள்ளையைப் பற்றி உண்மை தெரிந்தவன் வண்டிக்காரன்தானே!

"கேட்டேரா, உள்ள போனவரு எப்பவும் இப்பிடித்தான் பேசுவாரோ?"

"உள்ள போனவரு அப்பிடித்தான்," என்றிருக்கிறான் இவன்.

"மாப்பிள்ளை பட்டாளத்துல ஆளுகளைக் கொன்னிருக்காரோ?"

அந்த இடத்தில் அவன் "நான்தான் மாப்பிள்ளை" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான். அவன் சொன்னது வேறு.

"மாப்பிள்ளை மறைஞ்சு கெடந்து சுட்டவன். கண்ணாடி வழியா மொகத்தைப் பாத்துட்டுச் சுட்டவன். சில மொகம் இன்னும் போகல்ல. யாரையும் உத்துப் பாத்தா பயப்படுகாவன்னு இப்ப ஒதுங்கி நிக்கான். இதெல்லாம் யோசிச்சுக்கிட்டுச் சம்மதிச்சாப் போதும்."

அவள் சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனாளாம்.

உள்ளே நான் மேட்டுச் சண்டையில் வெற்றி பெற்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பெண்ணின் மாமன் தொண்டையைச் செருமி, "வயலு இப்ப எப்பிடி? இந்தப் போகம் விளைச்சல் உண்டுமா?" என்றார்.

"வயலு அவனுக்கில்லா! எனக்குக் கடலு. வடசேரியில கருவாடு விக்கேன்."

அவர் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. சைவக்காரர். "கருவாடா?" என்றார். அந்த நேரம் பார்த்து அத்தைக்காரி பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நிறுத்தி, "நல்லா பாத்துக்கிடுங்க மாப்பிளே," என்றாள்.

நான் நாற்காலியோடு எழுந்தேன். "எம்மா! எனக்குக் கெட்டினவ இருக்கா, கைப்பிள்ளை இருக்கு! நான் வேதக்காரன்மா!"

"அப்ப மாப்பிள்ளை எங்க ஓய்?"

"பலாமரத்து மூட்டுல நிக்கான்."

"அது வண்டிக்காரன்லா?" என்று அத்தைக்காரி அலறினாள். "இவ கையாலதானே அவனுக்கு மோரு குடுத்தா!"

பெண்ணின் மாமனுக்கு முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. முற்றத்தில் இறங்கி ஆடத் தொடங்கிவிட்டார். வண்டிக்காரன் வேஷம் கட்டி வந்து குடும்பத்துப் பெண்ணை வேவு பார்ப்பது எந்த ஊர் மரியாதை? நான் சொன்ன மேட்டுக் கதையில் ஒளிந்திருந்து சுட்ட பயல் ஒளிந்திருந்துதான் பெண்ணும் கேட்பானா? பதிலுக்கு நான் கத்தினேன். தெருவில் ஆள் கூடியது. நான் கத்தக் கத்த நிலைமை மோசமாயிற்று. என் உத்தியோகமே அதுதானே, எதிராளியை இன்னும் கெட்டியாகப் பதுங்க வைப்பது. அப்போதுதான் இவனுடைய மாமா நெற்றியில் சந்தனத்தோடு உள்ளே வந்தார். என்ன ஏது என்று கேட்பதற்குள் அவருக்கும் இரண்டு வசவு கிடைத்தது.

"வண்டியைப் பூட்டச் சொல்லும் ஓய்! இந்த எடம் சரிப்படாது!" என்றார் பெண்ணின் மாமன்.

"வேணும்" என்று ஒரே ஒரு முறை வாய் திறந்தவன். அதையும் நான் பேசியே கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. திரும்பி அவனைப் பார்த்தேன். மரத்தடியில் அசையாமல் நின்று, முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டுக்குக் கீழே கிடந்தபோது பார்த்த அதே முகம். அவன் பார்ப்பதை நானும் பார்த்தேன். பெண்ணின் மாமன் ஒவ்வொரு தடவை வாயைத் திறப்பதற்கு முன்னாலும் தலையைக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பினார். அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். ஊருக்கு அவர் தாய்மாமன். அந்த வீட்டில் அவர் யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று அப்போது எனக்கே விளங்கியது.

அவன் நிழலை விட்டு வெளியே வந்தான்.

உச்சி வெயில். முற்றம் மணல் பரப்பிக் கிடந்தது, ஒரு செடி கிடையாது. அதன் நட்டநடுவில் வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வெட்டவெளியில் அவன் நின்று நான் கண்டதில்லை. "படுலே!" என்று கத்திவிடுவேனோ என்று இருந்தது. அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மாமனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"மறைஞ்சு நின்னு பாத்தது உள்ளதுதான். மரத்தடியில சொன்னதும் உள்ளதுதான், அது எனக்க கதைதான்," என்றான். "இனி பிள்ளை என்னைப் பாக்கட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கட்டும். நான் நிக்கேன்."

அவள் ஒரு படி இறங்கி வந்தாள். பார்த்தாள். அவன் நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு வழியாக வடிந்து, மணலில் சொட்டியது. துடைக்கவில்லை. பர்மாவில் குண்டுக்கு நடுவில் கிடந்தபோது வேர்க்காதவன். அவள் அவசரப்படவே இல்லை. தலையிலிருந்து கால் வரை, கால் தொட்டுத் தலை வரை, அவன் மண் நிற வேட்டியை, கையை, தாழ்ந்திருந்த கண்ணை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெருவில் நின்றவர்களும் அவள் கண் போன பக்கமெல்லாம் பார்த்தார்கள்.

பெண்ணின் மாமனுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாக்கதுக்கு இனி என்னட்டி இருக்கு?" என்று ஆரம்பித்தார்.

அவள் அவன்மேல் இருந்த கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் சும்மா இருங்க மாமா," என்றாள். "நான் பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்."